கால் மணி நேரத்தின் சொந்தக்காரன்

கைக்கடிகாரம் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். நானே முடிவு செய்தேன். தனியாக முடிவு செய்தேன். என் மனைவியைக் கேட்காமல் முடிவு செய்தேன். இதையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் உரக்கச் சொல்ல முடியாது என்பதால் உங்களிடம் சொல்கிறேன். தயவுசெய்து மனதுக்குள் படியுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நான் தனியாக முடிவு செய்து வாங்கிய பொருள்கள் இரண்டே இரண்டு. ஒன்று குடை. வெயிலில் விரியும், மழை வந்தால் மடங்கிக்கொள்ளும். இன்னொன்று மேஜை விசிறி. சுவிட்சைப் போட்டால் விசிறி நின்ற இடத்தில் நிற்கும், மேஜை சுற்றும். அதற்குப் பிறகு என் பனியனைக்கூட அவள்தான் வாங்குகிறாள். அப்படிப்பட்டவனுக்கு இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஓர் ஆணிக்கடையிலிருந்து வந்தது.

எனக்கு எடை அளவு ஆய்வு அலுவலகத்தில் வேலை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை, தப்பாக இருந்தால் நோட்டீஸ். என் பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள் வெல்வெட் மெத்தையில் படுத்திருக்கும். நான்கூட வீட்டில் அவ்வளவு சௌகரியமாகப் படுத்ததில்லை. முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் விடமாட்டேன். அதனால் கடைக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘மயிரிழை சார்’. என் தலையைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வோரும் உண்டு. அதை நான் பொருட்படுத்துவதில்லை.

அந்த ஆணிக்கடையில் தராசு கிலோவுக்கு ஐந்து கிராம் கூட்டிக் காட்டியது. விடுவேனா? நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். சோதித்த நேரத்தை எழுத வேண்டும். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றே கால். எழுதினேன். கையெழுத்துக்கு நீட்டினேன். கடைக்காரர் படித்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மயிரிழை சார், என் தராசை எப்போ சோதிச்சீங்க?”

“என்னய்யா கேள்வி? இப்போதான். பதினொன்னே காலுக்கு.”

“பதினொன்னே கால் இன்னும் வரலையே சார்.”

“வரலையா?”

“மணி இப்போதான் பதினொன்னு. அதோ சுவர்ல பாருங்க. ரேடியோவுல செய்தி ஆரம்பிக்குது, கேளுங்க. இனிமே நடக்கப் போற சோதனைக்கு இப்பவே நோட்டீஸா?”

“அது... போன்ல ஏதோ...”

“என் தராசு அஞ்சு கிராம் தப்பு. ஒத்துக்கிறேன். உங்க நேரம் கால் மணி தப்பு. உங்களுக்கு யாரு சார் நோட்டீஸ் குடுக்கிறது?”

ஆணித்தரமாகக் கேட்டார். தொழில் அப்படி. கடையில் ஆணி வாங்க நின்றவர்கள், ஆணி வாங்காமல் சும்மா நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நேரத்தை அடித்துத் திருத்தி நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். முகம் எரிந்தது. ஊரில் இருக்கிற தப்புத் தராசையெல்லாம் பிடிக்கிறவன் சட்டைப்பையில் ஒரு தப்பு நேரத்தை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்!

போனில் கைவைத்தது யார் என்று துப்பறிய வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பவளும் அவள்தான். எவ்வளவு முன்னால் என்பது மட்டும் பரம ரகசியம். ஒருமுறை பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்டுப் பத்து நிமிடம் என்று கண்டுபிடித்தேன். மறுநாள் அந்தப் பத்தைக் கழித்துக்கொண்டு ராஜநடையில் அலுவலகம் போனேன். அன்றைக்கென்று பார்த்து அவள் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரியும் வந்திருந்தார். அன்றோடு கழித்தல் கணக்கையே விட்டுவிட்டேன்.

அவள் தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலை. பத்து மணிக்கு வர வேண்டியவரிடம் ஒன்பதே முக்கால் என்பாள். அவர் பத்துக்குச் சரியாக வந்து, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்பார். பல்வலிக்காரனையே அப்படி ஆட்டி வைக்கிறவளுக்கு நான் எம்மாத்திரம்?

அன்று சாயங்காலம் நேராக விசாரணையில் இறங்கினேன்.

“என் போன்ல நேரத்தை மாத்தினியா?”

“மாத்தலைங்க. கொஞ்சம் முன்னாடி வச்சேன்.”

“அதுக்குப் பேரு மாத்தறது இல்லையா?”

“பின்னாடி வச்சாத்தான் மாத்தறது. முன்னாடி வச்சா முன்னேற்றம்.”

“சுவர்ல இருக்கிறது எவ்ளோ முன்னேறியிருக்கு? அதையாவது சொல்லு.”

“சொன்னா நீங்க கழிச்சுப் பாத்துட்டு நிதானமா கிளம்புவீங்க.”

“அப்போ எனக்குச் சரியான நேரம் எப்படித் தெரியும்?”

“அதுக்குத்தான் நான் இருக்கேனே. நேரமாச்சு நேரமாச்சுன்னு தினம் சொல்றேனே, காதுல விழலையா?”

விழுகிறது. காதில் மட்டுமா விழுகிறது? சோப்பு நுரையோடு நிற்கும்போது முதுகில் விழுகிறது. டீயை ஊதும்போது டீயில் விழுகிறது. நான் நிமிர்ந்து நின்றேன். இனி என் நேரம் என் கையில் இருக்கும் என்று தீர்மானித்தேன். கையில் என்றால் மணிக்கட்டில்.

“நான் ஒரு வாட்ச் வாங்கப் போறேன்.”

சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். ஏழெட்டு வாதங்களை வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன்.

“வாங்குங்களேன்,” என்றாள்.

“நானே போய் வாங்குவேன்.”

“போங்களேன்.”

“நீ கூட வரக் கூடாது.”

“ஊர்ல பாதிப் பேருக்குப் பல்வலி. அவங்களுக்கு நேரம் குடுக்கவே எனக்கு நேரம் இல்லை. நான் எங்கே வர்றது? ஒண்ணே ஒண்ணுங்க.”

“என்ன?”

“கைக்கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ‘கடி’ இருக்கு. விலை கையைக் கடிக்காம பாத்துக்கோங்க.”

“காரமும் இருக்கு. தெரிஞ்சுக்கோ!” என்று காரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். என் ஏழெட்டு வாதங்களும் வேலையில்லாமல் தொண்டையிலேயே நின்றன.

கடிகாரக் கடைக்காரருக்கு ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடி. அதோடேயே நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கண்ணுக்கு நாம் எவ்வளவு பெரிதாகத் தெரிவோமோ என்று ஒரு கூச்சம் வரும்.

“தினமும் கட்டிக்க நல்லதா ஒரு வாட்ச் வேணும். விலை கம்மியா இருக்கணும். நல்ல நேரம் காட்டணும்.”

“நல்ல நேரம் என் கையில இல்லை சார். சரியான நேரம் வேணா காட்டுறேன்,” என்றவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். “இது ஆட்டோமேட்டிக். சாவி குடுக்க வேணாம், பேட்டரி வேணாம். நீங்க கையை ஆட்டுறதுலயே ஓடும்.”

“ஆட்டாம இருந்தா?”

“ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னுடும்.”

“நான் ஆபீஸ்ல வேலை பாக்கிறவன்.”

“அப்போ கஷ்டம்தான். வீட்லயாவது ஆட்டுவீங்களா?”

“வீட்ல தலையைத்தான் ஆட்டுவேன்.”

அவர் அனுதாபத்தோடு அதை உள்ளே வைத்தார். அவருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும்.

“அதோட, இது ஒரு நாளைக்குச் சில விநாடி முன்னப்பின்ன ஓடும்,” என்றார்.

“சில விநாடியா? கூடவே கூடாது!” நான் பதறியதைப் பார்த்துப் பூதக்கண்ணாடியையே கழற்றிவிட்டார். 

“அப்போ பேட்டரியில ஓடுறதுதான் உங்களுக்குச் சரி. மாசத்துக்கே சில விநாடிதான் தப்பும். விலையும் கம்மி. முகம் தெளிவா இருக்கணும், எண் பெரிசா இருக்கணும், ரொம்பக் கனம் கூடாது. தினம் கட்டிக்க அது போதும் சார். மத்ததெல்லாம் நாலு பேருக்குக் காட்டறதுக்கு.”

“குளிக்கும்போது கட்டிக்கலாமா?”

“குளிக்கும்போது எதுக்கு சார் நேரம்?”

“கழட்டி வச்சா எங்க வீட்ல நேரம் மாறிடும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. வேறொரு தட்டை எடுத்தார். “இதுல முப்பது மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணி தாங்கும்னு போட்டிருக்கு பாருங்க. அதை நம்பிக் குளிச்சிடாதீங்க. கை கழுவலாம், அவ்ளோதான். இது நூறு மீட்டர். தைரியமா குளிக்கலாம்.”

“எங்க வீட்டுக் குழாயில தண்ணி நூல் மாதிரிதான் வரும். அதுக்கு நூறு மீட்டரா?”

“நூல் மாதிரி வந்தாலும் தண்ணி தண்ணிதானே சார்.”

அடுத்து வார். தோல் வார் வியர்வையில் நாறும் என்றார். இரும்புச் சங்கிலி கையில் இருக்கிற முடியைப் பிடுங்கும் என்றார். என் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்ற தொனியில் ரப்பர் வாரை நீட்டினார். மெத்தென்று இருந்தது. கட்டிக்கொண்டு தூங்கலாம். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்தான் பாக்கி.

“இதுல நேரத்தை மாத்தறது சுலபமா?”

“பக்கத்துல இந்தத் திருகு இருக்கு பாருங்க. சும்மா இழுத்தா வராது. முதல்ல மரையைக் கழட்டணும், அப்புறம் இழுக்கணும், அப்புறம் திருப்பணும். மரை கழட்டத் தெரியாதவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எங்க வீட்ல மரை கழண்டது எனக்கு மட்டும்தான்னு என் மனைவி சொல்லுவா.”

“அப்போ இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்.”

விலையும் கடிக்கவில்லை. நேரத்தை விநாடி சுத்தமாக வைத்து, மரையை இறுக்கி, என் மணிக்கட்டில் அவரே கட்டிவிட்டார். வெளியே வந்ததும் வேண்டுமென்றே கையை வீசி வீசி நடந்தேன். எதிரே வந்த ஒருவர் மணி கேட்டார். கேட்டதற்கு நன்றி சொன்னேன். பயந்து போய்விட்டார்.

வீட்டில் அவள் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையோடு சேர்த்துத்தான் பார்க்கவிட்டேன்.

“அட, நல்லா இருக்குங்க! கழட்டுங்க, சரியா பாக்கிறேன்.”

“கழட்டறதுக்கு இல்லை.”

“குளிக்கும்போது?”

“நூறு மீட்டர்.”

“தூங்கும்போது?”

“ரப்பர்.”

“நம்ம கல்யாணத்துல நீங்க என் கையைக்கூட இவ்ளோ இறுக்கிப் பிடிக்கலை,” என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் கோபமே இல்லை. நான்தான் அதைக் கவனிக்கத் தவறினேன். 

மறுநாள் காலை சுவர்க் கடிகாரத்தின் எதிரில் நின்று மணிக்கட்டை உயர்த்தினேன். தராசைச் சோதிப்பது போல இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். தெரிந்துவிட்டது. கால் மணி! தினமும் கால் மணி நேரம் என்னை முன்னால் துரத்தியிருக்கிறாள். அலுவலகத்தில் முதல் ஆளாக வந்து பூட்டிய கதவின் முன் நின்றதெல்லாம் என் கடமையுணர்ச்சி என்று நினைத்து வந்தேன். என் மேலதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். நான் கடமை வீரன் இல்லை, கால் மணிக்கு ஏமாந்தவன்.

வாய் திறக்கவில்லை. “நேரமாச்சு!” என்று அவள் குரல் கொடுத்ததும் நல்ல பிள்ளையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் போய் நின்றேன். என் கையில் முழுசாகக் கால் மணி நேரம். என் சொந்த நேரம். ஆனால் அதை எங்கே வைத்துச் செலவழிப்பது? பூட்டிய கடைவாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஒரு நாய் இருந்தது. உட்காரலாமா என்பது போல நான் அதைப் பார்த்தேன். கூடாது என்பது போல அது என்னைப் பார்த்தது. வாடகை ஒழுங்காகக் கொடுக்கும் வீடு இருக்கும்போது நாயிடம் எதற்குக் கெஞ்ச வேண்டும்? திரும்பி நடந்தேன்.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஜன்னலோரம் என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டையும் முக்காலியில் நீட்டியிருந்தாள். ஒரு கையில் டீ. மடியில் செய்தித்தாள். ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தாள், ஒரு பக்கம் திருப்பினாள், வெளியே பார்த்தாள். வேறெதுவும் செய்யவில்லை. அவள் எதையாவது நறுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், தைக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அழகாக இருந்தாள். ஓசைப்படாமல் திரும்பிப் போயிருக்க வேண்டும். நல்ல மனிதன் போயிருப்பான். கையில் புதுக் கடிகாரம் கட்டியவன் எப்படிப் போவான்?

“ஓஹோ!” என்றேன்.

அவள் பதறவே இல்லை. “என்னங்க, எதை மறந்துட்டீங்க?”

“மறக்கலை. இப்போதான் கண்டுபிடிச்சேன். அது என்னோடது.”

“டீயா?”

“நேரம்! நீ உக்காந்து குடிச்சிட்டிருக்கியே, அது என் கால் மணி நேரம்!”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஆமாங்க. உங்களை அனுப்பிட்டு நான் வேலைக்குக் கிளம்பற வரைக்கும் கால் மணி கிடைக்கும். எங்கம்மாவும் கண்ணுக்கு மருந்து விட்டுட்டுப் பின்னறையில கண்ணை மூடிப் படுத்திருப்பாங்க. இந்த வீட்ல என்னை யாரும் கூப்பிடாத நேரம் அது ஒண்ணுதான்.”

“அப்போ நான் லேட்டாப் போகக் கூடாதேன்னு வச்சது இல்லையா?”

“நீங்க லேட்டாப் போனா உங்க ஆபீஸ் கவலைப்படட்டும். அதுக்கு நான் எதுக்குங்க ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைத் திருப்பணும்?”

இத்தனை வருஷம் அக்கறை என்று நினைத்துப் புல்லரித்ததெல்லாம் வீண்! விடுவதாக இல்லை நான். ஐந்து கிராமுக்கே நோட்டீஸ் கொடுக்கிறவன்.

“நாளையிலிருந்து அந்தக் கால் மணி எனக்கு. அந்த நாற்காலி எனக்கு. பேப்பர் எனக்கு.”

“தாராளமா எடுத்துக்கோங்க,” என்று செய்தித்தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். “உங்க நேரம் உங்களுக்கு. நியாயம்தானே?”

எடை வைக்காமலே ஒரு தட்டு கீழே இறங்கினால் தராசில் கோளாறு என்று அர்த்தம். தொழிலில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வீட்டில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் குளித்து, உடுத்து, நாற்காலியில் அமர்ந்தேன். காலை நீட்டினேன். செய்தித்தாளை விரித்தேன். 

“ஏங்க, உங்க வாட்ச்ல இப்போ எவ்ளோ மிச்சம் இருக்கு?” சமையலறையிலிருந்து குரல்.

“கால் மணி. முழுசா.”

“கரெக்டாவா?”

“ஒரு விநாடி பிசகாது,” என்றேன் பெருமையாக.

“அப்பாடா! மோட்டாரைப் போட்டிருக்கேன். சரியா எட்டு நிமிஷத்துல நிறுத்தணும். என் கடிகாரத்தை நம்பினா மாடியெல்லாம் தண்ணி. உங்களதுதானே சரியான நேரம்?”

மறுக்க முடியுமா? கடிகாரத்தைப் புகழ்ந்துவிட்டாளே. தலையை ஆட்டினேன்.

“அடுப்புல முட்டை போட்டிருக்கேன். ஆறு நிமிஷம். ஏழாயிடுச்சுன்னா அம்மாவுக்குப் பிடிக்காது.”

“சரி.”

“அப்புறம் அம்மாவுக்குக் கண்ணுல ஒரு சொட்டு நீல பாட்டில், அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு சொட்டு வெள்ளை பாட்டில். நடுவுல அஞ்சு நிமிஷம் சரியா இருக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். நான் இத்தனை நாள் குத்துமதிப்பாத்தான் விட்டுட்டிருந்தேன். பாவம் அம்மா. இனிமே கவலையில்லை.”

நீல பாட்டிலோடு பின்னறைக்குப் போனேன். ஒரு சொட்டு விட்டேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். வாயை மூடவில்லை.

“மாப்ளே, அஞ்சு நிமிஷம் ஆச்சா?”

“இப்போதான் விட்டேன் அத்தை.”

“புது வாட்சாமே?”

“ஆமா அத்தை.”

“அஞ்சு நிமிஷம் ஆச்சா?”

“வாட்ச் பத்திப் பேசின நேரம்தான் ஆச்சு.”

“முட்டை வாசனை வருதே மாப்ளே?”

ஓடினேன். முட்டைக்கு ஆறு முடிந்து ஏழு. அதை இறக்குவதற்குள் மோட்டாருக்கு எட்டு. அதை நிறுத்த ஓடினால் “மாப்ளே, கண்ணு எரியுதே!” என்று பின்னறை. வெள்ளை பாட்டிலை எடுக்க வந்தால் மாடியிலிருந்து தண்ணீர் படிப்படியாக இறங்கி என்னைப் பார்க்க வருகிறது. கடிகாரம் ஒன்று, முள் மூன்று, வேலையும் மூன்று. ஆளுக்கொரு முள்ளாகப் பிரித்துக் குத்தின. நடுவில் அவள் தலைவாரிக்கொண்டே கேட்கிறாள்:

“இன்னும் எவ்ளோங்க இருக்கு?”

“ரெண்டு நிமிஷம்!”

“ரெண்டு நிமிஷமா? அப்போ குப்பையை வெளியில வச்சிடுங்க.”

பல் டாக்டரிடம் ஐந்து ஐந்து நிமிடமாக ஊரைப் பிரித்து உட்கார வைக்கிறவள் என் கால் மணியை எப்படிப் பிரிப்பாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஓர் இடைவெளி விடவில்லை. கால் மணி என்றால் சும்மா இல்லை, கால் ஓய்ந்துவிட்டது. நாற்காலியில் விரித்த செய்தித்தாள் விரித்தபடியே கிடந்தது. அலுவலகத்துக்குப் பணி தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தேன். அந்தக் கழித்தல் கணக்கு நாளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

“என்னங்க இது? வாட்ச் இல்லாதப்போ முதல் ஆளா வந்தீங்க. வாட்ச் வாங்கினதும் கடைசி ஆளா வர்றீங்க?” என்றார் மேலதிகாரி.

சட்டையில் முட்டையின் மஞ்சள் இருந்தது.

தோற்றுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் சில நாள் போராடினேன். மாடித் தொட்டி நிரம்பும் நேரத்தை விநாடி உட்படத் தெரிந்துகொண்டேன். முட்டையும் மருந்தும் ஒன்றோடொன்று மோதாதபடி நேரம் பிரித்தேன். ஒரு நாள் எல்லாவற்றையும் முடித்து மூன்று நிமிடம் மிச்சம் பிடித்து நாற்காலியில் விழுந்தேன். ஆனந்தமாக இருந்தது.

“அட, முடிச்சிட்டீங்களா! நீங்க ரொம்பத் திறமைங்க. வாட்ச் வந்த வேளை!” என்று அவள் மெச்சினாள். மறுநாள் இஸ்திரி வந்து சேர்ந்தது.

ஆக, காலையில் சீக்கிரம் வீட்டைவிட்டு ஓடிவிடுவது ஒன்றே வழி என்று ஆயிற்று. ஓடலாம்தான். ஆனால் அவள் தினமும் கேட்பாளே, “எவ்ளோ மிச்சம் இருக்கு?” என்று! நான் பொய் சொல்ல மாட்டேன். ஊரார் தராசுக்கு முத்திரை குத்துகிறவன். என் வாயால் ஒரு நிமிடம் கூட்டிச் சொன்னால்கூட என் பெட்டியில் இருக்கும் எடைக்கற்கள் மன்னிக்காது. வெகுநேரம் யோசித்தேன். மன உறுதியோடு யோசித்தேன். கடைசியில் வழி தெரிந்தது. நான்தானே பொய் சொல்லக் கூடாது?

அன்று காலை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். யாராலும் கழற்ற முடியாதென்று தேடி வாங்கிய மரையை நானே கழற்றினேன். திருகை இழுத்தேன். திருப்பினேன். இறுக்கி மூடினேன்.

“ஏங்க, உங்க வாட்ச்ல எவ்ளோ மிச்சம் இருக்கு?”

“மிச்சமே இல்லை. நேரமாச்சு. நீயே பாரு!” என்று மணிக்கட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. “ஐயையோ, ஆமாங்க! கிளம்புங்க, கிளம்புங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்,” என்று சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்தாள். செருப்பை மாட்டும்போது சமையலறையில் டீ கொதிக்கும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தேன். அதில் இன்னும் கால் மணி பாக்கி இருந்தது.

“சுவர்க் கடிகாரம் என்ன இப்படிக் காட்டுது?”

“அதுவா? நீங்க நாற்காலி கேட்ட அன்னைக்கே சரி பண்ணிட்டேங்க. உங்க போனையும்தான். நீங்க ரொம்ப ஆசைப்பட்டீங்களே,” என்றபடி அவள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

எங்கள் வீட்டில் இப்போது தப்பான நேரம் காட்டுவது என் கடிகாரம் ஒன்றுதான்.